லோசார்டன் தொடங்கியதும் கிரியேட்டினின் ஏறினால் நிறுத்த வேண்டுமா? பிரென்னரின் ஆய்வை எவ்வளவு நம்பலாம்?

முதலில் நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி ஒரு முறை சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 61 வயது, 14 வருஷமாக சுகர். யூரினில் ஆல்புமின் என்ற புரதம் போகிறது என்று டாக்டர் லோசார்டன் 50 என்ற பிபி மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறார். தொடங்கும்போது கிரியேட்டினின் (கிட்னி வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு, பலர் உப்பு என்று சொல்வது இதைத்தான்) 1.5 இருந்தது, மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் 1.7. மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் உங்கள் மாமா, இந்த மாத்திரைதான் உப்பை ஏற்றுகிறது, உடனே நிறுத்துங்கள் என்கிறார். இந்த மாத்திரை கிட்னியைக் காப்பாற்றும் என்ற பேச்சே பேரி பிரென்னர் என்ற அமெரிக்க டாக்டர் எலிகளை வைத்துச் சொன்னதுதான், பிறகு மனிதர்களிடம் நடந்த ஆய்வும் மருந்துக் கம்பெனி காசில் நடந்தது என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். அதை நம்பி அப்பாவுக்குத் தொடர்ந்து கொடுக்கலாமா என்பது கேள்வி. காலையில் போடுவதா இரவில் போடுவதா என்றும் கடைசியில் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள்.

படித்தவுடன் எனக்குத் தோன்றியது, நீங்கள் உண்மையில் கேட்பது வேறு. லேப் ரிப்போர்ட் மோசமாகிக் காட்டுகிறது, டாக்டரோ மருந்து வேலை செய்கிறது என்கிறார், இந்த இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும்? நியாயமான சந்தேகம். நான் சிறுநீரக மருத்துவம் பார்க்க ஆரம்பித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இந்தக் கேள்வி வாரத்துக்கு இரண்டு முறையாவது என் மேஜைக்கு வரும். பதிலின் சாரத்தை இப்போதே சொல்கிறேன், மற்றதைப் பொறுமையாகப் படியுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். 1.5இலிருந்து 1.7 என்பது 13 சதவீத ஏற்றம். இந்த மருந்தில் எதிர்பார்க்கிற அளவுக்குள்தான் இருக்கிறது. ஆனால் அந்த ரிப்போர்ட்டில் பொட்டாசியம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவே இல்லை. இந்த மருந்தில் அதுவும் ஏறக்கூடும் என்பதால், கிரியேட்டினினைவிட இப்போதைக்கு எனக்கு அதுதான் முக்கியம்.

சரி, பிரென்னருக்கு வருவோம். அவர் என்ன செய்தார் என்று புரிய, கிட்னிக்குள் ஒரே ஒரு இடத்தைப் பார்த்தால் போதும். ஒவ்வொரு கிட்னியிலும் சராசரியாகப் பத்து லட்சம் வடிகட்டும் அலகுகள் இருக்கின்றன, நெஃப்ரான் என்று பெயர். ஒவ்வொன்றின் தலையிலும் மெல்லிய ரத்தக் குழாய்கள் நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடக்கும் ஒரு உருண்டை, 0.2 மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். அதற்கு கிளாமெருலஸ் என்று பெயர். ரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அழுத்தம்தான் தண்ணீரையும் கழிவையும் சல்லடை வழியாகத் தள்ளுகிறது. இப்படி ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் வடிகிறது, அதில் பெரும்பகுதியை உடம்பு திரும்ப எடுத்துக்கொண்டு ஒன்றரை லிட்டர் போலத்தான் வெளியே விடுகிறது.

தேங்காய்ப்பால் பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். மல் துணியில் துருவலைக் கட்டி இதமாகப் பிழிந்தால் பால் மட்டும் வரும். இன்னும் வேண்டும் என்று முறுக்கி அழுத்தினால் பால் அதிகமாக வரும்தான், ஆனால் கொஞ்ச நேரத்தில் துணியின் இழை விலகித் துருவலும் சேர்ந்து இறங்க ஆரம்பிக்கும். அப்படியே தினமும் செய்தால் துணி நைந்துவிடும். யூரினில் ஆல்புமின் போவது என்பது கிட்டத்தட்ட அந்தத் துருவல் இறங்குவதுதான். உங்கள் அப்பாவுக்குக் காலையில் நுரை வருகிறது என்று எழுதியிருந்தீர்களே, அது இதனால் இருக்கலாம்.

இந்த உருண்டைக்குள் அழுத்தம் எவ்வளவு என்பது வெகுகாலம் மறைமுகக் கணக்குதான். நேராக அளக்க வழியில்லை, ஏனென்றால் பெரும்பாலான விலங்குகளில் கிளாமெருலஸ் கிட்னியின் மேற்பரப்புக்குக் கீழே மறைந்திருக்கும். மியூனிக் விஸ்டார் என்ற எலி வகையில் மட்டும் சில உருண்டைகள் மேற்பரப்பிலேயே தெரியும். பிரென்னரும் சகாக்களும் மயக்கத்தில் இருக்கும் அந்த எலியின் கிட்னியை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, சிவப்பு மணி போலத் தெரியும் அந்த உருண்டைக்குள் சில மைக்ரான் முனையுள்ள கண்ணாடி ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார்கள். 1971இல் அந்த அளவு வெளியானது: ஏறத்தாழ 45 மில்லிமீட்டர் பாதரசம். ஊசி கொஞ்சம் நகர்ந்தால் உருண்டை கிழிந்துவிடும், அன்றைய வேலை அத்தனையும் வீண். மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது எங்களுக்கு இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வேலையின் நுணுக்கம் எனக்குப் புரிய இன்னும் பல வருஷம் ஆனது. இதற்குப் பிறகு வந்த எல்லாமே இந்த ஒரு அளவின் மேல்தான் நிற்கிறது.

அதன் பிறகு ஹார்வர்டில் அவருடைய குழு, குறிப்பாக தாமஸ் ஹோஸ்டெட்டர், கேட்ட கேள்வி இது. கிட்னியின் பெரும்பகுதியை எடுத்துவிட்டால் மிச்சம் இருக்கும் நெஃப்ரான்கள் என்ன செய்யும்? 1981இல் பதில் வந்தது. மிச்சம் உள்ள ஒவ்வொன்றும் பல மடங்கு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்கிறது, உள்ளே அழுத்தம் ஏறுகிறது, வடிகட்டல் கூடுகிறது. நான்கு பேர் லீவு போட்ட ஆபீஸில் வந்த ஒருவரே எல்லா ஃபைலையும் பார்ப்பது மாதிரி. கொஞ்ச நாள் தாங்கும். பிறகு அந்த உருண்டைகளும் தழும்பேறி மூடிக்கொள்ள, இன்னும் குறைவான நெஃப்ரான்கள் இன்னும் அதிக வேலையைச் சுமக்க வேண்டி வரும். 1982இல் பிரென்னர், டிமத்தி மேயர், ஹோஸ்டெட்டர் மூவரும் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை இதை ஒரு பொதுக் கொள்கையாகவே முன்வைத்தது. முதல் அடி எதுவாக இருந்தாலும், சுகரோ பிபியோ வேறு நோயோ, ஒரு கட்டத்துக்குப் பிறகு கிட்னி தன் மிகையான உழைப்பாலேயே தன்னை அழித்துக்கொள்கிறது என்றது. மூல நோய் அடங்கிய பிறகும் சிலருக்குக் கிட்னி ஏன் தொடர்ந்து தேய்கிறது என்று அதுவரை யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் அந்தக் கட்டுரைக்கு அவ்வளவு மதிப்பு.

இப்போது உங்கள் மாத்திரைக்கு நேராக வரும் சோதனை. எலியின் ஒரு கிட்னியை முழுதாக எடுத்துவிட்டு, மற்றதில் மூன்றில் இரண்டு பங்குக்குப் போகும் ரத்தக் கிளைகளைக் கட்டிவிடுவார்கள். ஆறில் ஒரு பங்கு கிட்னியோடு இருக்கும் அந்த எலிக்கு பிபி ஏறும், புரதம் ஒழுகும், மிச்சமும் அழியும். ஷரோன் ஆண்டர்சன், பிரென்னர் முதலானோர் 1985இல் இத்தகைய எலிகளுக்கு எனலாப்ரில் கொடுத்துப் பார்த்தார்கள். ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் உருவாவதைத் தடுக்கும் மருந்து அது. லோசார்டன் அதே ஹார்மோன் ஒட்டும் இடத்தை மறிக்கிறது, வழி வேறு, இலக்கு ஒன்று. இந்த ஹார்மோன், வெளியே போகும் குழாயை அதிகமாக இறுக்கி உருண்டைக்குள் அழுத்தத்தை ஏற்றி வைக்கும். எனலாப்ரில் கொடுத்ததும் அந்த இறுக்கம் தளர்ந்தது, உள்ளழுத்தம் குறைந்தது, புரதமும் தழும்பும் குறைந்தன. பிபி குறைந்ததால்தானே என்று யாரும் கேட்பார்கள், அவர்களும் கேட்டார்கள். 1986இல் இன்னொரு கூட்டத்து எலிகளுக்கு ரிசர்பின், ஹைட்ரலசின், ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற பழைய மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து பிபியை அதே அளவுக்கு இறக்கினார்கள். கையில் அளக்கும் பிபிக்கு நிகரான எண் இரண்டு கூட்டத்திலும் ஒன்றுதான். ஆனால் மூன்று மருந்துக் கூட்டத்தில் உருண்டைக்குள் அழுத்தம் குறையவில்லை, கிட்னியும் தப்பவில்லை. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சோதனை இது, ஏனென்றால் எதிர்க்கேள்வியை அவர்களே போட்டு அவர்களே பதிலும் தேடியிருக்கிறார்கள்.

(இங்கே ஒரு விஷயத்தைச் சேர்க்காமல் போக மனம் வரவில்லை. சென்னையின் டாக்டர் எம்.கே. மணி தன் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் கிராமங்களில் நடத்திய தடுப்புத் திட்டத்தில் பிபிக்குக் கொடுத்தது பெரும்பாலும் இதே பழைய மூன்று மருந்துகளைத்தான், விலை மிகக் குறைவு என்பதால். எலியில் தோற்ற மருந்து ஆயிற்றே என்று அதை எள்ளி ஒதுக்க முடியாது. ஒன்றுமே கிடைக்காத ஊரில் பிபியை எதைக் கொண்டாவது இறக்குவது பெரிய காரியம். பிரென்னரின் சோதனை சொல்வது, இரண்டும் கைக்கெட்டும் இடத்தில் எது கூடுதலாகக் காக்கும் என்பதை.)

அப்பாவின் 1.7 எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். வெளியே போகும் குழாய் தளர்ந்தது, உள்ளழுத்தம் இறங்கியது, துணியை முறுக்குவதைக் கொஞ்சம் நிறுத்தியாயிற்று. அப்போது ஒரு நிமிடத்துக்கு வடிகிற அளவும் சற்றுக் குறையத்தானே செய்யும்? குறைந்தால் ரத்தத்தில் கிரியேட்டினின் சற்று ஏறும். கிரியேட்டினின் என்பது வடிகிற வேகத்தின் நிழல், அவ்வளவுதான். வேகம் குறைந்திருக்கிறது என்று சொல்லும், சுமை இறங்கியதால் குறைந்ததா சல்லடை அழிந்ததால் குறைந்ததா என்று பிரித்துச் சொல்ல அதற்குத் தெரியாது. உங்கள் மாமா உப்பு ஏறியது என்று பார்த்தது உண்மை. அதற்கு அவர் சொன்ன காரணத்தில்தான் நான் மாறுபடுகிறேன்.

எலியிலிருந்து மனிதருக்கு வருவோம், உங்கள் சந்தேகம் அங்கேதான். 1993இல் எட்மண்ட் லூயிஸ் தலைமையில் முதல் வகை சர்க்கரை நோயாளிகள் 409 பேரிடம் எனலாப்ரில் வகையைச் சேர்ந்த கேப்டோப்ரில் சோதிக்கப்பட்டது. கிரியேட்டினின் இரட்டிப்பாகும் அபாயம் 48 சதவீதம் குறைந்தது. உங்கள் அப்பா மாதிரி இரண்டாம் வகைக்காரர்களுக்கு முக்கியமானது 2001இல் பிரென்னரே தலைமை ஏற்று வெளியிட்ட ரீனால் ஆய்வு. 28 நாடுகள், 1513 நோயாளிகள், பாதிப் பேருக்கு லோசார்டன், பாதிப் பேருக்குப் போலி மாத்திரை, இரு தரப்புக்கும் பிபிக்கு மற்ற மருந்துகள் உண்டு. சராசரி 3.4 வருஷம் பார்த்தார்கள். கிரியேட்டினின் இரட்டிப்பு, கிட்னி முற்றிலும் செயலிழப்பது, மரணம் மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் போலி மாத்திரைத் தரப்பில் 100 பேரில் 47 பேர், லோசார்டன் தரப்பில் 43, 44 பேர். கிட்னி முற்றிலும் செயலிழந்து டயாலிசிஸோ மாற்று சிகிச்சையோ தேவைப்பட்டவர்களை மட்டும் எடுத்தால் 100க்கு 25, 26 என்பது 20க்கு அருகே வந்தது. மரணத்தில் வித்தியாசம் இல்லை.

இந்த எண்களை நான் வேண்டுமென்றே சதவீதக் குறைவாகச் சொல்லாமல் தலை எண்ணிச் சொல்கிறேன். 28 சதவீதம் குறைந்தது என்றால் பெரிதாகக் கேட்கும், அதுவும் அதே ஆய்வின் எண்தான். ஆனால் மாத்திரை சாப்பிட்டும் மூன்றரை வருஷத்தில் 100க்கு 20 பேருக்குக் கிட்னி போயிற்று என்பதும் அதே அட்டவணையில் இருக்கிறது. அவர்கள் உங்கள் அப்பாவைவிட நோய் முற்றியவர்கள், சராசரிக் கிரியேட்டினின் ஏறத்தாழ 1.9. ஆக இந்த மாத்திரை தேய்மானத்தை மெதுவாக்கும், நிறுத்தாது. அதற்கு மேல் யாராவது வாக்குக் கொடுத்தால் நம்ப வேண்டாம்.

கம்பெனி காசு விஷயம். ஆம், ரீனால் ஆய்வுக்குப் பணம் கொடுத்தது லோசார்டனைத் தயாரித்த மெர்க் கம்பெனி. அதே வருஷம் வந்த இன்னொரு ஆய்வில், 1715 பேரிடம் இர்பெசார்டன் என்ற லோசார்டன் வகை மருந்தைச் சோதித்தபோது, அதற்கும் அந்த மருந்தின் கம்பெனிகள்தான் பணம் கொடுத்தன. இதை மறைக்க ஒன்றும் இல்லை, ஆய்வறிக்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த இர்பெசார்டன் ஆய்வில் மூன்றாவது தரப்புக்கு அம்லோடிபின் என்ற வேறு வகை பிபி மருந்தைக் கொடுத்தார்கள், பிபி இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு இறங்கியது, கிட்னியைக் காத்தது இர்பெசார்டன் மட்டும்தான். 1986 எலிச் சோதனையின் அதே கதை மனிதரில் திரும்ப வந்திருக்கிறது. 1993 ஆய்வுக்கு அமெரிக்க அரசுப் பணமும் இருந்தது. வேறு வேறு கைகளில், வேறு வேறு மருந்தில், ஒரே திசையில் முடிவு வரும்போது நான் நம்புகிறேன். ஒற்றை ஆய்வு, ஒற்றைக் கம்பெனி என்றால் நானும் உங்களைப் போலத்தான் யோசித்திருப்பேன்.

இதுவரை சொன்னதில் எனக்கு உறுதி உண்டு. இனி வருவதில் பிரென்னரின் கொள்கை சறுக்கிய இடங்களும், இன்னும் தீராத இடங்களும். 1982 கட்டுரையின் தலைப்பே உணவில் உள்ள புரதத்தைப் பற்றியது. வேட்டையாடி எப்போதாவது ஒரு நாள் இறைச்சி தின்ற மனிதனுக்கு அமைந்த கிட்னி இது, தினமும் மூன்று வேளை புரதம் சாப்பிட்டால் நெஃப்ரான்கள் ஓய்வே இல்லாமல் மிகை வேலை செய்து தேய்கின்றன என்று அதில் வாதிட்டார்கள். எலிகளில் புரதத்தைக் குறைத்தால் தெளிவாகப் பலன் தெரிந்தது. மனிதரில் சோதிக்க அமெரிக்க அரசு பெரிய ஆய்வு நடத்தி 1994இல் முடிவு வந்தபோது, சராசரி 2.2 வருஷத்தில், எதிர்பார்த்த பலன் தெளிவாகத் தெரியவில்லை. ஆய்வுக் காலம் போதவில்லை என்று சிலர் இன்றும் வாதிடுகிறார்கள். என் கருத்து, அளவோடு குறைப்பதில் தவறில்லை. ஆனால் நம் ஊரில் கிட்னி நோய் என்றதும் பருப்பு, முட்டை, மீன் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டுக் கஞ்சியோடு கிடந்து உடம்பு கரைந்து வருகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். வீட்டில் சாதாரணமாகச் சாப்பிடும் சாம்பாரையும் ஒரு முட்டையையும் பறிக்கும் அளவுக்கு ஆதாரம் கிடையாது. சாப்பாட்டில் போடும் உப்பைக் குறைப்பதற்கு ஆதாரம் இதைவிட வலுவானது, அதில்தான் யாரும் கை வைப்பதில்லை.

கிட்னி தானம் கொடுத்தவர்களை வைத்தும் ஒரு கேள்வி எழுந்தது. பாதி நெஃப்ரான் போனாலே மிச்சம் அழியும் என்றால் தானம் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் கிட்னி கெட வேண்டுமே? கெடவில்லை. அமெரிக்காவில் 2014இல் வந்த கணக்குப்படி ஆயுள் முழுக்கக் கிட்னி முற்றாகச் செயலிழக்கும் வாய்ப்பு தானம் கொடுத்தவர்களில் 10,000க்கு 90, தானம் கொடுக்காத அதே அளவு ஆரோக்கியமானவர்களில் 10,000க்கு 14. ஏற்றம் இருக்கிறது, ஆனால் மிகப் பெரும்பாலானோர் நன்றாகவே இருக்கிறார்கள். ஆக மிகை உழைப்பு மட்டுமே போதாது, அதோடு சுகரோ பிபியோ வேறு ஏதோ சேர வேண்டும் போலிருக்கிறது. அப்புறம், ஒரு தடுப்பு நல்லதென்றால் இரண்டு சேர்த்தால் இன்னும் நல்லதுதானே என்று லோசார்டனோடு எனலாப்ரில் வகையான லிசினோப்ரிலையும் சேர்த்துப் பார்த்த ஆய்வை 2013இல் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று, பொட்டாசியம் ஏறியது, திடீர்க் கிட்னி பாதிப்பு அதிகமானது. உங்கள் அப்பாவின் மருந்துச் சீட்டில் "ப்ரில்" என்று முடியும் மாத்திரையும் "சார்டன்" என்று முடியும் மாத்திரையும் சேர்ந்து இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

1988இல் பிரென்னர் இன்னொன்றும் சொன்னார், பிறக்கும்போதே சிலருக்கு நெஃப்ரான் குறைவு, பிற்காலத்தில் அவர்களுக்குத்தான் பிபி வருகிறது என்று. நெஃப்ரான்கள் கருவிலேயே, ஏறத்தாழ 36 வாரத்துக்குள் உருவாகி முடிந்துவிடும், பிறகு புதிதாக ஒன்றுகூட வராது. 2003இல் ஜெர்மனியில் விபத்தில் இறந்த 20 பேரின் கிட்னிகளை எண்ணிப் பார்த்தார்கள். பிபி இருந்த பத்துப் பேருக்கு ஒரு கிட்னியில் நடுமதிப்பு ஏழு லட்சம், இல்லாத பத்துப் பேருக்குப் பதினான்கு லட்சம். இருபது பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை, ஆனாலும் அந்த வித்தியாசம் என்னை உலுக்கியது. எடை குறைவாகப் பிறப்பது நம் நாட்டில் சாதாரணமாக நடப்பது. புது நோயாளிகளிடம் நான் பிறந்த எடை என்ன என்று கேட்பேன், அறுபது வயதுக்காரர் யாருக்கும் தெரியாது, வீட்டில் மருத்துவச்சி பார்த்த பிரசவம். ஒரு முறை ஒருவரோடு வந்திருந்த அவருடைய அம்மா, எண்பதைத் தாண்டியவர், இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் காட்டி "இவ்வளவுதான் இருந்தான், முறத்துல பஞ்சு வெச்சுப் படுக்க வெச்சோம்" என்றார். அவர் மகனின் நோய்க்கு அதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், ஒரு தனி மனிதர் விஷயத்தில் அப்படிச் சொல்ல வழியில்லை. ஆனால் அதன் பிறகு அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்காமல் விட்டதில்லை.

அழுத்தம்தான் விஷயம் என்பதற்குக் கடந்த சில வருஷங்களில் எதிர்பாராத பக்கத்திலிருந்து ஆதரவு வந்தது. சுகருக்கு வந்த டாபாகிளிஃபுளோசின் வகை மாத்திரைகள், உள்ளே வரும் குழாயைச் சற்று இறுக்கி அதே உருண்டையின் அழுத்தத்தைக் குறைப்பதாகத் தெரிகிறது. 2020இல் 4304 பேரிடம் நடந்த ஆய்வில் முக்கியப் பாதிப்புகள் 39 சதவீதம் குறைந்தன, அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பேருக்கு சுகரே கிடையாது. இந்த மாத்திரையிலும் முதல் சில வாரங்களில் கிரியேட்டினின் சற்று ஏறும், பிறகு கோடு சமமாக ஓடும். அழுத்தக் குறைவு மட்டும்தான் காரணமா, வேறு வழிகளும் உண்டா என்பது இன்னும் முடியாத விவாதம். உங்கள் அப்பாவுக்கு இது பொருந்துமா என்று டாக்டரிடம் கேட்கலாம். 2020இல் இந்தியாவில் காப்புரிமை முடிந்ததால் இப்போது விலையும் கைக்கடக்கம்.

மாத்திரையை நிறுத்துவது பற்றி என் கையிலிருந்தே ஒன்று சொல்ல வேண்டும். பயிற்சி முடித்த புதிதில், கிரியேட்டினின் 2.0இலிருந்து 2.3 ஆன ஒரு ஆசிரியருக்கு நானே பயந்துபோய் இந்த வகை மாத்திரையை நிறுத்தினேன். அடுத்த மாதம் 2.0க்கு வந்தது, அவர் கையெடுத்துக் கும்பிட்டார், எனக்கும் பெருமை. எட்டு மாதம் கழித்து யூரின் புரதம் மூன்று மடங்கு ஆகியிருந்தது. நிழல் சரியாகிவிட்டது என்று நினைத்து உள்ளே அழுத்தத்தைத் திரும்ப ஏற்றிவிட்டிருந்தேன். நிறுத்தாமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாதுதான், ஆனால் அந்த ரிப்போர்ட் இன்றும் கண்ணில் நிற்கிறது. நோய் முற்றியவர்களுக்கு நிறுத்தினால் நல்லதா என்று பிரிட்டனில் பொதுப் பணத்தில் 411 பேரிடம் பார்த்தார்கள், 2022இல் முடிவு வந்தது. நிறுத்தியதால் கிட்னிக்கு எந்த லாபமும் இல்லை.

அப்படியென்றால் எவ்வளவு ஏறலாம்? 30 சதவீதம் வரை ஏறி நின்றுவிட்டால் தொடரலாம் என்பது 2000லிருந்து நாங்கள் பின்பற்றும் எல்லை. அப்பாவுக்கு அது 1.95 வரை. ரீனால் ஆய்வின் தரவை 2011இல் திரும்பப் பிரித்துப் பார்த்தபோது, லோசார்டன் தொடங்கியதும் வடிகட்டும் வேகம் அதிகம் இறங்கியவர்களுக்கே பிற்காலத் தேய்மானம் மெதுவாக இருந்தது. ஆனால் 2017இல் பிரிட்டனில் 1,22,000க்கும் மேற்பட்டவர்களின் பதிவேடுகளைப் பார்த்த ஆய்வில், 30க்குக் கீழே ஏறினாலும்கூட ஏற ஏற அபாயம் கூடுவதாகத் தெரிந்தது. இரண்டும் நேருக்கு நேர் மோதுவது போலத் தோன்றும். இரண்டாவதில் ஏற்கெனவே இதயமும் ரத்தக் குழாயும் மோசமானவர்களுக்கே அதிகம் ஏறியிருக்கலாம், மருந்தைக் குற்றம் சொல்ல அந்த ஆய்வு போதாது என்பது என் வாசிப்பு. அதனால் 30 என்ற கோட்டை நான் மதில்சுவராக வைத்துக்கொள்வதில்லை, 20ஐத் தாண்டினாலே ஒரு வாரத்தில் திரும்பப் பார்க்கச் சொல்வேன்.

உங்கள் அப்பாவை நான் பார்த்ததில்லை. கைக்கு வந்தது ஒரு பத்தியும் இரண்டு எண்களும்தான், அதை வைத்து இது தொடரலாம் என்று உத்தரவு போடுவது தவறு. செய்ய வேண்டியது இதுதான். இந்த வாரமே கிரியேட்டினின், பொட்டாசியம், யூரின் ஆல்புமின் கிரியேட்டினின் விகிதம் மூன்றையும் ஒரே லேபில் பாருங்கள். 1.7 போல நின்று, பொட்டாசியம் 5.5க்குள் இருந்து, ஆல்புமின் இறங்கியிருந்தால் மருந்து தன் வேலையைச் செய்கிறது. கிரியேட்டினின் 2ஐத் தாண்டினாலோ ஏறிக்கொண்டே போனாலோ கிட்னிக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு உண்டா என்று ஸ்கேன் பார்க்க வேண்டியிருக்கலாம், அப்போது மாத்திரையை நிறுத்துவதே சரி. இடையில் முழங்கால் வலி என்று டைக்ளோஃபினாக் போட்டாரா என்று கேளுங்கள், மாமா கடையிலிருந்தே வந்திருக்கலாம். லோசார்டனோடு வலி மாத்திரை சேர்ந்தால் கிரியேட்டினின் எகிறும், பழி லோசார்டன் மேல் விழும். பிபிக்கு நல்லது என்று விற்கும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருக்கிறது, அது வேண்டாம். ரிப்போர்ட் வரும்வரை இளநீரையும் தள்ளி வையுங்கள். வாந்தி பேதி வந்து ஒன்றும் குடிக்க முடியாத நாட்களில் மட்டும் லோசார்டனை நிறுத்தி டாக்டரைக் கூப்பிடுங்கள், சரியானதும் திரும்பத் தொடங்க மறந்துவிடாதீர்கள்.

காலையா இரவா என்ற கேள்விக்கு, பிரிட்டனில் 21,000க்கும் மேற்பட்டவர்களிடம் பிபி மாத்திரையை இரு நேரத்திலும் கொடுத்துப் பார்த்து 2022இல் வெளியிட்டார்கள், மாரடைப்பு, பக்கவாதத்தில் வித்தியாசம் எதுவும் இல்லை. கிட்னியைத் தனியாக வைத்து நடந்த ஆய்வு இல்லை அது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா எடுத்துக் கொடுப்பதால்தான் மறக்காமல் போடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள், இரவிலேயே போடட்டும்.